கேட்ட செவியும் கேளாத ஊரும்

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 3-ஆம் நாள், ஞாயிறு மாலை. இங்கிலாந்து நாட்டில் இலட்சக்கணக்கான இல்லங்களில் வானொலி பேசிக்கொண்டிருந்தது. ஒரு தொடர் நாடகம். நாடகத்திலே ஒரு வீடு. வீட்டிலே ஒரு கணவன், கருவுற்ற மனைவி, ஐந்து வயதுச் சிறுவன். வீட்டை விட்டுப் போகப் போவதாகச் சொல்கிறாள் மனைவி. போக வேண்டுமானால் உன்னை நீயே மாய்த்துக்கொள், அது ஒன்றே வழி என்று கூறி, அவள் கையில் கத்தியைத் திணிக்கிறான் கணவன். உறங்கிய சிறுவன் எழுந்து வருகிறான். கணவனின் சீற்றம் சிறுவன் பக்கம் திரும்புகிறது. அடுத்த கணம் கத்தி பாய்கிறது. அவள் உடலில் அன்று, அவன் உடலில்!

காட்சி இல்லை. மேடை இல்லை. ஓசை மட்டுமே. ஆயினும், ஒரு சிறு நாடகத்தின் ஓசை ஒரு நாட்டையே விவாதத்தில் இறக்கிற்று.

இக்கதையை, நாம் பணிபுரியும் பள்ளியின் ஆசிரியர் அறையில், நண்பகல் உணவு வேளையில் எடுத்துரைத்தோம். கேட்டு முடித்ததும் நண்பர்கள் மூவர், பேசி வைத்துக்கொண்டவர்கள்போல், ஒரே கேள்வியைக் கேட்டனர். "படித்தவள், தொழில் தெரிந்தவள், பெற்றோரைப் பக்கத்திலேயே வைத்திருப்பவள். அவள் ஏன் முன்பே போகவில்லை?" மூலையில் அமர்ந்து ஏடு திருத்திக்கொண்டிருந்த மூத்த ஆசிரியை ஒருவர் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அவர் சொன்னது வேறு. அதைக் கடைசியில் சொல்வோம்.

நண்பர்கள் கேட்ட கேள்வியைத்தான் இங்கிலாந்தில் வானொலிமுன் அமர்ந்திருந்தோரில் பலரும் கேட்டனர். கடல் கடந்த நாடு, வேறு மொழி, வேறு உணவு, வேறு உடை. கேள்வி மட்டும் ஒன்று! ஆகவே, நாடகத்தை ஆராய்வதோடு, அதைக் கேட்டவர்களையும் ஆராய வேண்டும் என்று நமக்குத் தோன்றிற்று. நாடகத்தைப் பற்றிக் கேட்போர் சொன்ன தீர்ப்பு, பல வேளைகளில், கேட்போரைப் பற்றிய தீர்ப்பாகவே முடிகிறது.

நாடகத்தின் பெயர் 'தி ஆர்ச்சர்ஸ்'. ஆர்ச்சர் குடும்பத்தார் என்று தமிழில் கூறலாம். 1950-இல் மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வெள்ளோட்டம் விடப்பட்டு, 1951 சனவரி முதல் நாள் தொட்டு பி.பி.சி. வானொலியில் நாடு முழுவதும் ஒலித்து வருவது, இன்றும் ஓய்ந்துவிடவில்லை. ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைச் சிற்றூரின் உழவர் குடும்பங்களே அதன் மாந்தர். அது பிறந்த கதையும் நாம் அறிய வேண்டியது. போர் முடிந்தும் பஞ்சம் முடியாத நேரம் அது. இங்கிலாந்தில் உணவுப் பொருளுக்குப் பங்கீட்டு முறை 1954 வரை நீடித்தது. விளைச்சலைப் பெருக்க உழவர்க்குப் புதிய முறைகளைச் சொல்லித்தர வேண்டும். பாடமாகச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். கதையாகச் சொல்வோம் என்று காட்ஃபிரே பேஸ்லி என்பார் முனைந்தார். வேளாண்மை அமைச்சகம் துணை நின்றது. கற்பிப்பதற்கென்றே பிறந்த நாடகம் அது. கலை கலைக்காகவே என்று கண்மூடிச் சொல்வோர், எழுபது ஆண்டுகளைத் தாண்டியும் மக்கள் செவியில் வாழும் இந்நாடகத்தின் பிறப்பைக் குறித்துக்கொள்வது நல்லது. எருவைப் பற்றியும் ஏரைப் பற்றியும் கற்பிக்கத் தொடங்கிய நாடகம், வீட்டுக்குள் விளையும் நஞ்சைப் பற்றியும் ஒருநாள் கற்பிக்க நேர்ந்தது.

ஹெலன் ஆர்ச்சர் அவ்வூர்ப் பெண். பெற்றோர் நடத்தும் பண்ணையில் பாலாடைக்கட்டி செய்யும் தொழிலில் கைதேர்ந்தவள். கணவன் இல்லாவிட்டால் குழந்தை இல்லையா என்று துணிந்து, மருத்துவ முறையில் கருவுற்று, 2011-இல் ஹென்றி என்னும் மகனைப் பெற்றெடுத்தவள். அச்சமும் மடமும் அணிகலன் என்று நம்பிய பேதையல்லள். 2013-இல் அவ்வூரின் பெரிய பால்பண்ணைக்கு மேலாளனாக வந்து சேர்ந்தான் ராப் டிட்ச்னர். பண்புள்ளவன், பேச்சில் தேன் சொட்டும், ஊர்க் கிரிக்கெட் அணியிலும் இடம் பெற்றான். 2015 ஆகஸ்டில் வைட் தீவில் இருவரும் மணம் செய்துகொண்டனர்.

அவன் கைகளில் விலங்கு இல்லை, சாட்டை இல்லை. அவன் கருவி அக்கறை! உடை சரியில்லை என்றான், அவள் நன்மைக்காக. சிறு கார் விபத்து ஒன்று நேர்ந்தது. இனி நீ கார் ஓட்டாதே என்றான், அவள் நன்மைக்காக. வேலைக்குப் போகாதே, களைத்திருக்கிறாய் என்றான், அவள் நன்மைக்காக. கர்ஸ்டி என்னும் உயிர்த்தோழியின் வருகை குறைந்தது. அதுவும் அவள் நன்மைக்காக. பணம் அவன் கையில், வண்டி அவன் கையில், பேசும் உரிமையும் அவன் கையில். பிறகு, உன் மனம் சரியாக இல்லை என்றான். அவள் நம்பினாள். அவளே நம்பிய பிறகு ஊர் நம்புவதற்குக் கேட்பானேன்? சிறுவன் ஹென்றியை விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவது என்று ராபும் அவன் தாய் அர்சுலாவும் திட்டமிட்டபோதுதான், போயே தீர்வது என்று ஹெலன் முடிவு செய்தாள். அம்முடிவின் இரவே ஏப்ரல் 3.

இக்கதையை இரண்டரை ஆண்டுக் காலம் நடத்தினார்கள். வாரத்தில் ஆறு நாள். நாளொன்றுக்குக் கால் மணிக்கும் குறைந்த நேரம். ஏறத்தாழ 50 இலட்சம் பேர் கேட்டனர். குடும்பக் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ரெஃப்யூஜ், உமன்ஸ் எய்டு என்னும் அமைப்புகளின் அறிவுரையைப் பெற்றே எழுதினார்கள். அதனால்தான் கதை ஊகத்தில் ஓடாமல் உண்மையில் ஊன்றி நின்றது.

இனி, கேட்டவர்கள் பக்கம் திரும்புவோம்.

முதல் வகையினர், நிறுத்துங்கள் என்றனர். பசு கன்று ஈன்றதையும், பூக்கண்காட்சியில் யார் பரிசு பெற்றார் என்பதையும் கேட்கத்தானே வானொலியைத் திருப்பினோம். தொலைக்காட்சித் தொடர்களின் கூச்சலை எங்கள் ஆம்பிரிட்ஜுக்குள் கொண்டுவராதீர்கள் என்றனர். சிலர் கேட்பதையே விட்டனர். இவர்களில் ஒரு சாராரை நாம் குறை கூற மாட்டோம். தாம் பட்ட வேதனையை மீண்டும் கேட்கத் தாங்காமல் பெட்டியை மூடிய பெண்களும் அவர்களில் இருந்தனர். புண்பட்டவள் செவியைப் பொத்திக்கொள்வது இயற்கை. ஆனால் புண்படாதவரும் பொத்திக்கொண்டனரே, அதற்கு என்ன பெயர்? எங்கள் மாலைப் பொழுதைக் கெடுக்காதீர்கள் என்பதுதானே அதன் பொருள்! விசையைத் திருகினால் உங்கள் அறையில் அமைதி. ஹெலனுக்குத் திருகுவதற்கு விசை ஏது?

இரண்டாம் வகையினர் பொறுமை இழந்தனர். கதை நகரவில்லை என்றனர், இழுக்கிறார்கள் என்றனர், இவ்வளவு முட்டாளாகவா ஒருத்தி இருப்பாள் என்று ஹெலன்மீதே எரிந்து விழுந்தனர். ஏன் போகவில்லை என்று கேட்டவர்கள் இவர்களே. இவர்களைக் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஹெலன்மீது கொண்ட பரிவே பலருக்குச் சினமாக மாறிற்று. ஆனால் எண்ணிப் பாருங்கள்: இரண்டரை ஆண்டு கேட்டதே இவர்களுக்குச் சலித்தது. பத்தாண்டு, இருபதாண்டு அதில் வாழ்பவளின் நிலை என்ன? கதையின் மெதுவான நடையைக் குறையென்றனர். நாம் அதையே அதன் தலையாய சிறப்பு என்போம். கொடுமை ஓடி வருவதில்லை, ஊர்ந்து வருகிறது. ஒரு மணி நேர நாடகத்தில் அதை அடைத்தால் அறையும் அழுகையும் மட்டுமே தெரியும். ஆடையில் தொடங்கி, கார்ச் சாவியில் வளர்ந்து, அறிவையே கவரும் அந்தப் படிப்படியான ஆட்சி தெரியாது. எவான் ஸ்டார்க் என்னும் அறிஞர் 2007-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார்: அடியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அடிமைத்தனத்தைக் காண மாட்டீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நூலாகப் படித்தவர் சிலர். நாடகம் அதை அன்றாடம் கால் மணி நேரமாகச் சமையலறைக்குள் கொண்டு சேர்த்தது.

மூன்றாம் வகையினர், இது என் வீடு என்றனர். அடியே விழாததால் அதைக் கொடுமை என்று எண்ணத் தெரியாதிருந்த பெண்கள், ராபின் குரலில் தம் கணவன் குரலைக் கேட்டனர். உதவித் தொலைபேசிக்கு வரும் அழைப்புகள் பெருகின என்று அவ்வமைப்புகள் அறிவித்தன. ஒரு பெண்ணுக்கு நேர்வதற்குப் பெயர் இல்லாத வரையில், அது அவள் தலைவிதி. பெயர் வைத்துவிட்டால், அது குற்றம்! விதியைக் குற்றமாக்கிக் காட்டியதே இந்நாடகத்தின் வெற்றி.

இன்னொரு செய்தி. கேட்போர் ஒருவர், 2016 பிப்ரவரியில், ஹெலன் பெயரால் ஒரு நிதியைத் தொடங்கினார். பணம் ரெஃப்யூஜ் அமைப்புக்கு. ஹெலன் இல்லாதவள்; ஆனால் ஹெலன்கள் இருக்கிறார்கள் என்பதே அதன் நோக்கம். ஒன்றரை இலட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. கத்தி பாய்வதற்கு முன்பே தொடங்கிய நிதி அது என்பதை மறக்கலாகாது. குருதியைக் கண்ட பிறகே கண்ணீர் விடுவது ஊர் வழக்கம். குருதி சிந்தும் முன்பே கை நீட்டியவர்களும் இருந்தனர்.

இதனோடு வேறொரு நிகழ்ச்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். 1955 செப்டம்பர் 22. இங்கிலாந்தில் விளம்பரத் தொலைக்காட்சி தொடங்கிய இரவு. அதே இரவில், இதே நாடகத்தில், கிரேஸ் ஆர்ச்சர் என்னும் இளம் மனைவி, தீப்பற்றிய கொட்டிலில் குதிரையை மீட்கப் புகுந்து மாண்டாள். நாடு துக்கத்தில் மூழ்கிற்று; கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. இல்லாத ஒருத்திக்காக அழுதார்கள், அழுது ஓய்ந்தார்கள். அறுபது ஆண்டு கழித்தும் இல்லாத ஒருத்திக்காகத்தான் துடித்தார்கள். ஆனால் இருக்கின்ற பெண்களுக்குப் பணம் அனுப்பினார்கள். உணர்ச்சி இரண்டிலும் உண்டு. பின்னதில் அறிவும் உடன் நின்றது. உணர்ச்சி வேண்டாம் என்பதல்ல பகுத்தறிவு. உணர்ச்சிக்கு வழி காட்டுவதே பகுத்தறிவு.

நாடகத்துக்குள் இருந்த ஊர் எப்படி நடந்துகொண்டது? கேட்போர் அனைவருக்கும் தெரிந்தது, ஆம்பிரிட்ஜில் ஏறத்தாழ எவருக்கும் தெரியவில்லை. ராப் நல்லவன் என்றது ஊர். ஹெலன்தான் சற்று நிலைகுலைந்தவள் என்றது. ஊரைவிட வியப்பு, அவளைப் பெற்ற தாய். பாட் ஆர்ச்சர் பெண்ணுரிமை பேசியவள். 1984-இல், பழமை பேசும் நாளேட்டை நிறுத்திவிட்டு முற்போக்கு நாளேடான 'கார்டியனை' வீட்டுக்கு வரவழைத்தவள். நாடகத்தைத் தொடர்ந்து கேட்போர் இன்றும் நினைவு கூரும் செய்தி அது. அத்தகையவளின் மகள், அவள் பக்கத்திலேயே, சிறிது சிறிதாகச் சிதைக்கப்பட்டாள். தாய் மருமகனைப் பாராட்டிக்கொண்டிருந்தாள்!

பாட் பொய்யானவள் என்று நாம் சொல்லவில்லை. கொள்கை ஏட்டில் இருந்தது; செவி பழைய செவியாகவே இருந்தது. இது நம்மைப் போன்றோர் நெஞ்சில் தைக்க வேண்டிய முள். மேடையில் பெண் விடுதலை முழங்குகிறோம். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்பட்டதும், அது அவர்கள் குடும்பச் செய்தி என்று நடந்து போகிறோம். கல்லானாலும் கணவன் என்ற பழமொழியைப் பழிக்கிறோம். ஆனால் அக்கல்லின்மீது பூச்சூட்டி, எவ்வளவு பண்பான மனிதர் என்று நாமே பாராட்டி வருகிறோம்.

வானொலி செய்த வேலை இதுதான். ஊர் நின்றது கதவுக்கு வெளியே. கேட்போர் அமர்ந்தது கதவுக்கு உள்ளே. முகம் தெரியாததால் ராபின் புன்னகை நம்மை மயக்கவில்லை. குரல் மட்டும் கேட்டதால் குரலின் கூர்மை புரிந்தது. இக்கதைக்கு வானொலியைவிடப் பொருத்தமான கருவி வேறு இல்லை.

சரி, அவள் ஏன் போகவில்லை? நண்பர்களின் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

முதலாவது, போவதற்கு இடம் வேண்டும். கொடுமைக்கு ஆளான பெண்கள் வந்து தங்குவதற்கென்று ஒரு வீடு இலண்டனின் சிஸ்விக் பகுதியில் 1971-இல் திறக்கப்பட்டது. திறந்தவர் எரின் பிசி. அதிலிருந்து வளர்ந்ததே ரெஃப்யூஜ் அமைப்பு. பாராளுமன்றத்தின் தாய் என்று பெருமை பேசும் நாடு. அங்கும் அரை நூற்றாண்டுக் கதைதான் இது! இரண்டாவது, போகும் நேரமே பேராபத்தின் நேரம். ஆட்டிப் படைத்தவன் பிடி நழுவுவதை உணரும்போதுதான் மிகக் கொடியவனாகிறான். குடும்பக் கொடுமையை ஆராய்ந்தோர் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை இது. ஹெலனுக்குக் கத்தி நீட்டப்பட்டது, அவள் பொறுத்திருந்தபோது அன்று, போகிறேன் என்றபோது! மூன்றாவது, சட்டம் கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தின் செவியும் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது.

1949-இல் டஃபி என்னும் பெண்ணின் வழக்கில் ஆங்கில நீதிமன்றம் ஒரு விதியை உறுதி செய்தது. கணவன் தந்த ஆத்திரமூட்டலால் கொன்றாள் என்று கொள்ள வேண்டுமானால், அவள் தன் கட்டுப்பாட்டைத் திடீரென்றும் தற்காலிகமாகவும் இழந்திருக்க வேண்டும் என்பது அவ்விதி. திடீர்ச் சினம் யாருக்கு எளிது? கை வலுத்தவனுக்கு. அடிபட்டு அடிபட்டு, அஞ்சி அஞ்சி, அவன் உறங்கும்வரை காத்திருப்பவளுக்கு அவ்விதியில் இடமில்லை.

அவ்விதியால் அடிபட்டவர்களில் நம் நாட்டுப் பெண்ணொருவரும் உண்டு. பஞ்சாபில் பிறந்து, 1979-இல் மணமாகி இங்கிலாந்தில் வாழ்ந்த கிரண்ஜித் அலுவாலியா. பத்தாண்டுக் கொடுமைக்குப் பின், 1989-இல், உறங்கிய கணவன்மீது தீயிட்டார், அவன் மாண்டான். கொலைக் குற்றம் என்று ஆயுள் தண்டனை விதித்தனர். சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்னும் மகளிர் அமைப்பு அவருக்காகப் போராடிற்று. 1992-இல் மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குறைந்த குற்றமே ஏற்கப்பட்டு, சிறையிருந்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டு, விடுதலையானார். அவருக்காக எந்த வானொலியும் இரண்டரை ஆண்டு பேசவில்லை. வீதியில் நின்ற பெண்கள் பேசினர்.

அதன் பிறகும் எத்தனை ஆண்டுகள்! 'திடீர்' என்னும் அந்தத் தளை 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. அது 2010 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. நெருங்கிய உறவிலோ குடும்பத்திலோ ஒருவரை அச்சுறுத்தி ஆட்டிப் படைப்பதே குற்றம் என்று 2015-ஆம் ஆண்டுக் கடுங்குற்றச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு இங்கிலாந்திலும் வேல்சிலும் அறிவித்தது. 2015 டிசம்பர் 29 முதல் நடப்பு. ஐந்தாண்டு வரை சிறை. நாடகத்தில் கத்தி பாய்ந்தது அதற்குப் பின் நான்காம் திங்களில். சட்டநூல் ஒரே பத்தியில் சொன்னதை நாடகம் நூற்றுக்கணக்கான இரவுகளில் விளக்கிற்று. சட்டம் பிறந்தால் போதாது. அது இருப்பது சமையலறைக்குத் தெரிய வேண்டும்.

நாடகத்தில் ராப் பிழைத்துக்கொண்டான். ஆகவே வழக்கு கொலை முயற்சி. இதிலொரு நுட்பம் உண்டு. கொலை வழக்கில் தண்டனையைக் குறைக்கும் வாதங்கள், கொலை முயற்சி வழக்கில் செல்லா. தற்காப்பு என்று நிலைநாட்ட வேண்டும், இன்றேல் சிறை. பிள்ளையைச் சுமந்தபடி காவலில் வைக்கப்பட்டாள் ஹெலன். காவலிலேயே இரண்டாம் மகனைப் பெற்றாள். அக்கரு உருவானதே கணவனின் வன்புணர்ச்சியால் என்னும் உண்மை வழக்கில் வெளிப்பட்டது. கணவனாயினும் வன்புணர்ச்சி வன்புணர்ச்சியே என்று ஆங்கில உயர் மன்றம் ஒப்பியது 1991-இல்தான் என்பதையும் இங்கே நினைவிற்கொள்க. ராபின் முன்னாள் மனைவி ஜெஸ் வந்து ஹெலனுக்காகச் சாட்சி சொன்னாள். 2016 செப்டம்பர் 11 அன்று, வழக்கமான கால் மணிக்கு மாறாக, ஒரு மணி நேர ஒலிபரப்பு. ஐலீன் அட்கின்ஸ், கேத்தரின் டேட், நைஜல் ஹேவர்ஸ் முதலிய புகழ்பெற்ற நடிகர்கள் ஜூரர்களாகப் பேசினர். கேட்போர் ஊரெங்கும் மோதிக்கொண்ட வாதங்களையே அவர்கள் அவ்வறைக்குள் மோதவிட்டனர். தீர்ப்பு: குற்றவாளி அல்லள். நாடு மூச்சு விட்டது.

அந்த மூச்சைப் பற்றித்தான் நமக்கு ஐயம். நாடகத்தை இதுவரை பாராட்டினோம். இரண்டு குறைகளையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, கதை முற்ற முற்ற ராபைப் பூதமாக்கிவிட்டனர். தொடக்கத்தில் அவன் யாராகவும் இருக்கக்கூடியவனாக இருந்தான். அங்கேதான் அச்சம் இருந்தது. பிறகு அவன் கொடுமைகள் அடுக்கடுக்காய் ஏறின. பூதத்தைப் படைத்துவிட்டால் கேட்கும் ஆடவனுக்கு ஒரு வசதி: நான் ராப் அல்லன் என்று நிம்மதியாக உறங்கலாம். மனைவியின் சம்பளத்தை எண்ணி வாங்குபவனும், அவள் தோழியைப் பார்த்து முகம் சுளிப்பவனும், நான் கத்தியை நீட்டவில்லையே என்று தன்னைத் தானே விடுதலை செய்துகொள்வான். ராபின் குற்றம் கத்தியில் தொடங்கவில்லை, உடையில் தொடங்கியது. கேட்போர் பலர் கத்தியை நினைவில் வைத்தனர், உடையை மறந்தனர்.

இரண்டு, ஹெலனின் நற்பேறு. பண்ணையுள்ள பெற்றோர், திறமிக்க வழக்கறிஞர், உறுதியான தோழி, இறுதியில் விடுதலை. எல்லா ஹெலன்களுக்கும் இது வாய்ப்பதில்லை. சாலி சாலன் என்பார் வழக்கைப் பாருங்கள். 2010-இல் கணவனைச் சுத்தியலால் அடித்துக் கொன்றதற்காக 2011-இல் ஆயுள் தண்டனை பெற்றவர். வானொலியில் ஹெலன் விடுதலையான இரவில் அவர் சிறையில்தான் இருந்தார். ஆட்டிப் படைத்தல் என்னும் கொடுமையைப் பற்றிய புதிய அறிவின் ஒளியில் மனநலச் சான்று மீண்டும் எடுத்துவைக்கப்பட்டது. அவருடைய மகன்களே தாய்க்காகப் போராடினர். 2019 பிப்ரவரியில் பழைய தீர்ப்பு நீக்கப்பட்டது. சூன் திங்களில், குறைந்த குற்றம் ஏற்கப்பட்டு, வெளியே வந்தார். கற்பனை ஹெலனுக்கு நீதி ஐந்து திங்களில் வந்தது. உண்மைப் பெண்ணுக்கு ஒன்பதாண்டுக்கு அருகில் ஆயிற்று.

நாடகத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். சிறை வாசலை மிதித்தவள் ஹெலன், ராப் அல்லன். 2023-இல் அவன் மூளைக்கட்டி நோயோடு மீண்டும் கதைக்குள் வந்தான், நோயால் மாண்டான். சட்டம் தராத முடிவை நோய் தந்தது. நோயை நீதி என்று எண்ணி மகிழ்வது பகுத்தறிவாகாது. நோய் நல்லவனுக்கும் வரும். தீயவனைத் தண்டிக்கும் பொறுப்பை நோயிடமும் ஊழிடமும் விட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்பது, பழைய கோழைத்தனத்தின் புதிய வடிவமே.

எனினும் இக்குறைகளால் நாடகத்தின் சிறப்பு மங்கிவிடாது. ஓர் ஊர் கேளாததை ஒரு நாட்டைக் கேட்க வைத்தது. கேட்டவர்களைத் தாமே யார் என்று காட்டியது. விசையை மூடியவர், பொறுமை இழந்தவர், தன் வீட்டைக் கண்டுகொண்டவர், பணம் அனுப்பியவர் என்று கேட்போரைப் பிரித்து நிறுத்திற்று. இந்நால்வரில் நாம் யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தான் இக்கட்டுரை.

அவள் ஏன் போகவில்லை என்ற கேள்வியில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. அது குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, குற்றத்துக்கு ஆளானவளைக் கூண்டில் ஏற்றுகிறது. அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்கவில்லை. ஊர் ஏன் கேளாதிருந்தது என்று கேட்கவில்லை. நாம் என்ன செய்தோம் என்று கேட்கவில்லை. அவளை மட்டுமே கேட்கிறது. கேள்வி கேட்பதே பகுத்தறிவு என்று நம்புகிற தோழர்களுக்கு ஒரு சொல்: கேள்வி கேட்டால் மட்டும் போதாது, உரியவனைக் கேட்க வேண்டும்.

இப்போது அந்த மூத்த ஆசிரியை சொன்னதைச் சொல்கிறோம். நண்பர்கள் மூவரும் கேட்டு ஓய்ந்தபின், திருத்திக்கொண்டிருந்த ஏட்டிலிருந்து தலையை உயர்த்தாமலே, "போவதென்றால் எங்கே போவது, தம்பி?" என்றார். சிறிது நேரம் கழித்து, "வா என்று யார் சொன்னார்கள்?" என்றார். பிறகு மணி அடித்தது. ஏடுகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

நாங்கள் நால்வரும் அன்று மாலைவரை அதைப் பற்றிப் பேசவில்லை. பல ஆண்டுகளாக அதே அறையில் அவரோடு உண்டவர்கள் நாங்கள். அவர் குரலை நாள்தோறும் கேட்டவர்கள். அன்றுதான் முதன்முறையாகச் செவி கொடுத்தோம்.

வா என்று சொல்வதற்கு வானொலி வேண்டியதில்லை. வாய் போதும். கதவைத் திறந்து வைக்கும் கை போதும்.